வாலையும் கோபுரமும்: விஸ்கியின் சுவை மாறிய வரலாறு

அடுப்பில் சோறு கொதிக்கும்போது பானையின் மூடியை எடுத்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். முத்து முத்தாக நீர்த்துளிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நீரில் உப்பில்லை. கஞ்சியின் பசையும் இல்லை. ஆவியாக எழுந்து, மூடியில் பட்டுக் குளிர்ந்து, மீண்டும் நீரான தூய நீர் அது. இதைத்தான் காய்ச்சி வடித்தல் என்கிறோம். இதற்கென நம் சித்த மருத்துவர்கள் கையாண்ட கருவிக்கு 'வாலை' என்று பெயர்.

இந்த எளிய வேலையைச் செய்யும் இருவகைக் கருவிகளுக்கிடையே 19ஆம் நூற்றாண்டில் ஒரு பெரும் போட்டி நடந்தது. ஒன்று, வயிறு பருத்த செப்பு வாலை. மற்றொன்று, ஓங்கி உயர்ந்த கோபுரம். போட்டி நடந்த களம் அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும்; போட்டிக்கு உரிய பொருள், விஸ்கி என்னும் மது. கோபுரத்தை அமைத்தவர் அயர்லாந்தில் அரசுப் பணி புரிந்தவர். ஆனால் டப்ளின் நகரத்தார் அதை வேண்டாம் என்றனர். ஸ்காட்லாந்துக்காரர் அதை ஏற்றனர். அதன் விளைவாக ஒரு நாட்டின் தொழில் உலகெங்கும் பரவியது. மற்றொரு நாட்டின் தொழில் அழிவின் விளிம்புக்கே சென்றது.

மதுவின் புகழ் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மக்களின் சுவை ஏன் மாறுகிறது, எவையெல்லாம் அதை மாற்றுகின்றன என்று ஆராய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே இதனை எடுத்துக்கொண்டோம்.

வாலைக்குள் நடப்பது என்ன?

பார்லி தானியத்தை நனைத்து முளைகட்ட வைத்தால் அதனுள் என்சைம்கள் தோன்றுகின்றன. இவை தானியத்தின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. முளைகட்டி உலர்த்திய இப்பார்லிக்கு 'மால்ட்' என்று பெயர். இதை அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாகிறது. இப்படிக் கிடைக்கும் ஊறலில் ஆல்கஹால் ஏறத்தாழ 8 விழுக்காடுதான்.

தூய ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். நீர் 100 டிகிரியில் கொதிக்கும். அப்படியானால் 78 டிகிரியில் ஆல்கஹால் மட்டும் தனியே ஆவியாகிவிடும் என்று நீங்கள் எண்ணலாம். அது சரியன்று. இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. ஆனால் ஆவியில் ஆல்கஹாலின் பங்கு கூடுதலாக இருக்கிறது. அந்த ஆவியைக் குளிர்வித்தால் சுமார் 25 விழுக்காடு ஆல்கஹால் உள்ள நீர்மம் கிடைக்கும். அதை மறுமுறை வடித்தால் ஏறத்தாழ 70 விழுக்காடு கிடைக்கும். ஸ்காட்லாந்தில் இருமுறை வடிப்பது வழக்கம். அயர்லாந்தில் மும்முறை வடிப்பது பெருவழக்கு.

செப்பு வாலை ஆல்கஹாலை முழுவதும் தூய்மையாகப் பிரிப்பதில்லை. எஸ்டர்கள், ஆல்டிஹைடுகள், உயர் ஆல்கஹால்கள் முதலிய பல சேர்மங்கள் சிறிதளவு உடன் வருகின்றன. விஸ்கியின் மணமும் சுவையும் பெரும்பாலும் இவற்றாலும், பின்னர் ஓக் மரப் பீப்பாயில் ஊறுவதாலும் வருபவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுந்த சண்டைக்கு இதுதான் வேர்.

'விஸ்கி' என்ற பெயருக்கு மூலம், கேலிக் மொழியில் 'உயிர்நீர்' என்று பொருள்படும் சொற்றொடர். 1494ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அரசின் கணக்கேட்டில், உயிர்நீர் வடிப்பதற்காக ஜான் கோர் என்னும் துறவிக்கு மால்ட் வழங்கிய செய்தி பதிவாகியிருக்கிறது. அந்நாட்டில் இது குறித்துக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே.

வரி தந்த சுவை

18ஆம் நூற்றாண்டில் அரசின் கண் மால்ட்டின்மீது விழுந்தது. முளைகட்டிய பார்லிக்கு வரி. முளைகட்டாத பார்லிக்கு அந்த வரி இல்லை. அயர்லாந்தின் ஆலைக்காரர்கள் என்ன செய்திருப்பார்கள்? மால்ட்டின் அளவைக் குறைத்து, முளைகட்டாத பச்சைப் பார்லியைக் கூடுதலாகக் கலந்தார்கள். மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் என்சைம்களுக்குச் சிறிதளவு மால்ட்டே போதுமல்லவா?

வரியைக் குறைக்கச் செய்த இச்செயலால் புதியதொரு சுவை பிறந்தது. பச்சைப் பார்லி சேர்ந்த விஸ்கி சற்று எண்ணெய்ப் பசையும் காரமும் கலந்து, நாவில் கனமாக நின்றது. நாளடைவில் மக்கள் அதையே விரும்பினர். இன்றும் 'பாட் ஸ்டில்' என்ற பெயரில் அயர்லாந்துக்கே உரிய வகையாக அது போற்றப்படுகிறது.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. கடுமையான வரிக்கு அஞ்சி மலைப்பகுதி மக்கள் மறைவிடங்களில் விஸ்கி வடித்தனர். 1823ஆம் ஆண்டுச் சட்டம் வரியைக் குறைத்து, முறையான உரிமம் பெறுவதை எளிதாக்கியது. மறுஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உரிமம் பெற்றார். கள்ள வாலைகள் படிப்படியாகக் குறைந்தன. ஆயினும் மால்ட்டை உலர்த்தப் 'பீட்' என்னும் சதுப்புநிலக் கரியை எரித்ததால் அவர்களுடைய விஸ்கியில் புகைமணம் தூக்கலாக இருந்தது. இங்கிலாந்தின் நகரத்தார் பலருக்கு அது ஒத்துவரவில்லை. டப்ளின் விஸ்கிக்கே அங்கு மதிப்பு மிகுதி.

கலால் அதிகாரியின் கோபுரம்

ஏனியஸ் காஃபி என்பவர் அயர்லாந்தில் கலால் துறையின் தலைமை ஆய்வாளராக இருந்தவர். (நாம் காலையில் பருகும் காப்பிக்கும் இவர் பெயருக்கும் தொடர்பில்லை!) கள்ளச் சாராயக்காரர்களைத் தேடிப் பிடிப்பதே அவருடைய வேலை. எத்தனையோ வாலைகளைச் சோதித்தவர் ஆதலால், அவற்றின் குறைகளும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஒவ்வொரு முறையும் வாலையை நிரப்பவேண்டும், காய்ச்சவேண்டும், காலி செய்து கழுவவேண்டும். பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எவ்வளவு காலமும் எரிபொருளும் வீண்!

இடைவிடாமல் வடிக்கும் கருவியை முதலில் அமைத்தவர் அவரல்லர். ஸ்காட்லாந்தின் ராபர்ட் ஸ்டைன் 1820-களின் இறுதியில் ஒன்றை அமைத்திருந்தார். அத்தகைய முயற்சிகளைச் செம்மைப்படுத்தி, 1830இல் காஃபி தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

அது இரட்டைக் கோபுரம். ஒவ்வொன்றிலும் துளையிட்ட செப்புத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முதல் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஊறல் தட்டுத் தட்டாக இறங்கும். அடியிலிருந்து நீராவி மேலேறும். ஏறும் நீராவி, இறங்கும் ஊறலில் உள்ள ஆல்கஹாலைப் பறித்துக்கொள்ளும். அவ்வாவி இரண்டாம் கோபுரத்தின் அடிக்குச் சென்று மேலேறும்போது, ஒவ்வொரு தட்டிலும் சிறிது குளிர்ந்து, மீண்டும் ஆவியாகி, படிப்படியாகச் செறிவு கூடும். ஒவ்வொரு தட்டையும் ஒரு சிறு வாலை என்றே கொள்ளலாம். இருமுறை, மும்முறை என்றிருந்தது போய், ஒரே ஓட்டத்தில் பலமுறை வடித்த பயன் கிடைத்தது. ஆல்கஹாலின் செறிவு சுமார் 94 விழுக்காட்டை எட்டியது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. குளிர்ந்த ஊறல், முதல் கோபுரத்துக்குப் போகுமுன், இரண்டாம் கோபுரத்தினுள் வளைந்து செல்லும் குழாய் வழியே ஓடும். அங்குள்ள ஆவியின் வெப்பத்தால் ஊறல் சூடேறும். ஊறலின் குளிர்ச்சியால் ஆவி குளிரும். ஒரே குழாய் இரண்டு வேலைகளைச் செய்ததால் எரிபொருள் வெகுவாக மிச்சமாயிற்று. மால்ட்டுடன் மக்காச்சோளம் போன்ற மலிவான தானியங்களையும் பயன்படுத்த முடிந்தது. 1846இல் பிரிட்டன் தானிய இறக்குமதித் தடைகளை நீக்கியபின் மக்காச்சோளம் இன்னும் மலிந்தது.

'ஊமைச் சாராயம்'

வேகமும் சிக்கனமும் உடைய இக்கருவியை டப்ளினின் பெரிய ஆலைக்காரர்கள் ஏன் ஒதுக்கினர்? அவர்கள் சொன்ன காரணம் வேதியியல் முறைப்படி சரியானதே. கோபுரம் ஆல்கஹாலை மிகத் தூய்மையாகப் பிரித்துவிடுகிறது. மணம் தரும் சேர்மங்களில் பெரும்பகுதி கழிந்துபோகிறது. எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லத் தெரியாத அந்தப் பொருளை அவர்கள் 'ஊமைச் சாராயம்' என்று இகழ்ந்தனர். 1870-களின் இறுதியில் ஜேம்சன், பவர், ரோ ஆகிய குடும்பங்களின் நான்கு டப்ளின் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, இது விஸ்கியே அன்று என வாதிட்டு ஒரு நூலே வெளியிட்டன. அயர்லாந்து முழுவதும் அப்படி நினைக்கவில்லை. வடபகுதியில் பெல்பாஸ்ட் ஆலைகள் கோபுரங்களை நிறுவின. டப்ளின் மட்டும் அசையவில்லை.

அசையவேண்டிய தேவையும் அன்று தெரியவில்லை. 1887இல் ஆல்பிரட் பர்னார்டு என்பவர் பிரிட்டிஷ் தீவுகளின் விஸ்கி ஆலைகளை நேரில் பார்த்து எழுதிய நூலில், ஸ்காட்லாந்தில் 129 ஆலைகளும் அயர்லாந்தில் 28 ஆலைகளும் இடம்பெற்றன. எண்ணிக்கையில் குறைந்தாலும் ஐரிஷ் ஆலைகள் உருவில் பெரியவை. டப்ளினில் ஜார்ஜ் ரோ ஆலை மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் கேலன், அதாவது 90 இலட்சம் லிட்டர், வடித்துவந்தது.

கலப்பும் பூச்சியும்

எடின்பரோ நகரின் வணிகர் ஆண்ட்ரூ உஷர் போன்றோர் வேறு வழியில் சிந்தித்தனர். மால்ட் விஸ்கியில் மணம் மிகுதி. கோபுர விஸ்கியில் மணம் குறைவு, விலையும் குறைவு. இரண்டையும் கலந்தால் என்ன? 1860ஆம் ஆண்டுச் சட்டம், தீர்வை செலுத்துமுன்பே கிடங்கில் இவற்றைக் கலக்க இடமளித்தது. கலவை மென்மையாக இருந்தது. ஆண்டுதோறும் ஒரே சுவை வருமாறு அளவுகளைத் திருத்திக்கொள்ளவும் முடிந்தது. குப்பியின்மேல் ஒரு பெயரை ஒட்டி, உலகின் எந்த மூலையிலும் அதே சுவையை விற்கலாம். ஜானி வாக்கர் போன்ற பெயர்கள் இவ்வாறு எழுந்தவையே.

இந்நேரத்தில் யாரும் எதிர்பாராத ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது. அது ஃபைலாக்சீரா என்னும் மிகச் சிறிய பூச்சி. வட அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு பிரான்சுக்குள் நுழைந்து, 1860-களிலிருந்து திராட்சைக் கொடிகளின் வேர்களை உறிஞ்சி அழித்தது. திராட்சை போனால் பிராந்தி ஏது? பிராந்தியும் சோடாவும் பருகிவந்த லண்டன் நகரத்துச் செல்வர்கள் வேறு பானம் தேடினர். அவர்கள் கைக்கு எட்டியது ஸ்காட்லாந்தின் மென்மையான கலப்பு விஸ்கி. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டிப் பிரெஞ்சுத் தோட்டங்கள் மீள்வதற்குள், பழக்கம் மாறிவிட்டது.

விஸ்கி என்றால் என்ன?

'ஊமைச் சாராயம் விஸ்கியா?' என்ற கேள்வி இறுதியில் நீதிமன்றம் ஏறியது. 1905இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதி மன்றம், கோபுரத்தில் வடித்ததை விஸ்கி என விற்ற கடைக்காரர்கள்மீது வழக்குத் தொடுத்தது. மறுஆண்டு தீர்ப்பு கடைக்காரர்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தனர். முடிவு காண 1908இல் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. 1909இல் வந்த அதன் அறிக்கை, வாலையில் வடித்தாலும் கோபுரத்தில் வடித்தாலும் இரண்டும் விஸ்கியே என்றது. எண்பது ஆண்டுகளுக்குமுன் காஃபி கட்டிய கோபுரம் அன்றுதான் முழு வெற்றி பெற்றது.

முதல் உலகப்போரின்போது, குறைந்தது மூன்றாண்டுகளேனும் பீப்பாயில் ஊறிய பின்பே விற்கவேண்டும் என்ற விதி வந்தது. விஸ்கித் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதில் அடங்கியிருக்கிறது. இன்று வடிப்பதை விற்கச் சில ஆண்டுகளோ பத்தாண்டுகளுக்கு மேலோ ஆகும். அன்றைய மக்கள் எதை விரும்புவார்கள் என்று இன்றே ஊகிக்கவேண்டும். ஊகம் தவறினால் கிடங்கு நிறைந்து ஆலை மூடும். அல்லது விருப்பம் பெருகும்போது கையில் சரக்கு இராது.

அயர்லாந்துக்கு இந்த இரண்டாவது துன்பம் நேர்ந்தது. 1919 முதல் விடுதலைப் போர்; 1922இல் தனி அரசு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. 1932 முதல் 1938 வரை பிரிட்டனோடு வரிப்போர். இருபெரும் சந்தைகளும் அடைபட்டன. அமெரிக்க மதுவிலக்கு நீங்கியபோது, ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் ஊறிய சரக்கு காத்திருந்தது; அயர்லாந்தில் போதிய இருப்பு இல்லை. பர்னார்டு வியந்து எழுதிய ரோ ஆலை 1920-களிலேயே மூடப்பட்டது. 1966இல், எஞ்சியிருந்த ஜேம்சன், பவர், கார்க் நிறுவனங்கள் மூன்றும் ஒன்றாக இணைந்தன. 1970-களில் டப்ளினின் வாலைகள் அணைந்தன. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலை நம்பியிருந்த தெருக்கள் வெறிச்சோடின. 1980-களின் நடுவில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் இயங்கிய விஸ்கி ஆலைகள் இரண்டே இரண்டு!

சக்கரம் சுழன்றது

அப்படியானால் டப்ளின்காரர்கள் சொன்னது முற்றும் தவறா? அதற்கும் காலமே விடை சொன்னது.

1963இல் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபிடிக் ஆலை, கோபுர விஸ்கி கலவாத தன் மால்ட் விஸ்கியைத் தனிப்பெயரில் வெளிநாடுகளில் விற்க முனைந்தது. அன்று பலருக்கு அது வீண் துணிச்சலாகத் தோன்றியது. அமெரிக்காவில் மக்கள் மேலும் மேலும் மென்மையான பானங்களையே நாடினர். 1970-களில் மணமே இல்லாத வோட்கா அங்கே விஸ்கி வகைகளை முந்தியது. ஸ்காட்லாந்தில் சரக்குத் தேங்கி, 1983லும் 1985லும் பல ஆலைகள் மூடப்பட்டன. பிரோரா, போர்ட் எலன் என்பவை அவற்றுள் அடங்கும்.

ஆனால் மூடிய சில ஆண்டுகளிலேயே காற்று திசை மாறியது. எங்கும் ஒரே சுவை என்பதில் சலிப்புற்றவர்கள், ஊருக்கு ஊர் வேறுபடும் மால்ட் விஸ்கியைத் தேடலாயினர். ஒரு காலத்தில் ஒத்துவராது என ஒதுக்கிய புகைமணமே உயர்ந்த விலை பெற்றது. மூடப்பட்ட பிரோரா 2021லும் போர்ட் எலன் 2024லும் மீண்டும் திறக்கப்பட்டன.

அயர்லாந்தும் எழுந்தது. 1975இல் கார்க் மாவட்டத்து மிடில்டனில் அமைந்த புதிய ஆலையில், செப்பு வாலைகளும் கோபுரங்களும் ஒரே வளாகத்தில் இடம்பெற்றன. உலகெங்கும் அயர்லாந்தின் பெயரை மீட்டுத் தந்த ஜேம்சன் விஸ்கி, வாலையில் வடித்ததும் கோபுரத்தில் வடித்ததும் சேர்ந்த கலவையே. முன்னோர் இகழ்ந்த 'ஊமைச் சாராயம்' பேரர்களைக் காத்தது. அந்தக் கோபுரம் ஈட்டிய பொருளால், அழிந்துபோக இருந்த பாட் ஸ்டில் விஸ்கியும் பிழைத்தது. 2015இல் டப்ளினில் புதிய ஆலை திறந்தது. 2020-களில் தீவின் ஆலைகள் நாற்பதைக் கடந்தன.

நாம் அறிவன யாவை?

சுவை என்பது நாக்கு மட்டும் முடிவு செய்வதன்று. ஒரு வரி பச்சைப் பார்லியைச் சேர்த்தது. ஒரு பொறி மணத்தைக் குறைத்தது. ஒரு பூச்சி பிராந்தியை அகற்றியது. ஒரு மதுவிலக்குச் சட்டம் ஒரு நாட்டின் தொழிலை முறித்தது. டப்ளின்காரர்கள் தம் பொருளின் தரத்தைச் சரியாகவே அறிந்திருந்தனர். ஆனால் தரத்தை மட்டும் காட்டினால் போதும் என்று நம்பியதே அவர்கள் பிழை.

'விஸ்கி என்றால் என்ன?' என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றுள் பல, கரும்பாலையின் மொலாசஸ் பாகிலிருந்து கோபுரத்தில் வடித்த சாராயம் சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் தானியத்திலிருந்து வடித்ததையே விஸ்கி என ஏற்கிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வாலையானாலும் கோபுரமானாலும், கனமானாலும் மென்மையானாலும், உள்ளே இருப்பது அதே எத்தில் ஆல்கஹால்தான். நம் ஈரல் அவற்றிடையே வேறுபாடு பார்ப்பதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பவை என உறுதியாக வகைப்படுத்திவிட்டது. சுவையின் வரலாறு மாறியது. இந்த உண்மை மாறவில்லை.

காஃபியின் கோபுரமோ மதுவோடு நின்றுவிடவில்லை. அடுத்த முறை சென்னையை அடுத்த மணலிப் பக்கம் செல்ல நேர்ந்தால், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த கோபுரங்களைக் கவனியுங்கள். உள்ளே தட்டுத் தட்டாக ஏறும் ஆவியும் இறங்கும் நீர்மமுமாகப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் பிரிகின்றன. அங்கும் அடிப்படைத் தத்துவம் அதுவே. பிறகு வீட்டுக்கு வந்து, சோற்றுப் பானையின் மூடியை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்!